ராவெல்லாம் ஊறினது: ஆறிய காப்பி குறித்துச் சில குறிப்புகள்

1

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், சவுக்குத் தோப்பை ஒட்டிக் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு காப்பிக் கடை. போன கோடையில் நண்பர் ஒருவர் என்னை அங்கே அழைத்துப் போனார். கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள்: கோல்ட் ப்ரூ, 16 மணி நேரம் ஊறியது, 280 ரூபாய். நடவுக்குப் போகிற ஒரு பெண்ணின் அன்றைய கூலியில் பாதிக்கு மேல். பாலில்லை, நுரையில்லை, ஆவியில்லை. கறுப்பாக, தெளிவாக, ஐஸ் கட்டி மிதக்க வந்தது. குடித்துப் பார்த்தேன். மறைப்பானேன், நன்றாகத்தான் இருந்தது. கசப்பு அடங்கி, புளிப்பு பின்வாங்கி, விழுங்கிய பிறகு நாக்கில் ஒரு மெல்லிய இனிப்பு.

அன்றிரவே ஒரு கட்டுரைக்குத் தலைப்பு எழுதி வைத்தேன்: 'நீராகாரத்தின் மீள்வருகை'. வாதமும் தயாராக இருந்தது. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறியதைக் காலையில் சூடில்லாமல் குடிப்பது இந்த மண்ணின் உழைக்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தது. காப்பி வந்து அதைத் துரத்தியது. நூறாண்டு கழித்துக் காப்பியே அந்த வடிவத்துக்குத் திரும்பிப் பெயர் மாறி, விலை ஏறி நிற்கிறது. ஒடுக்கப்பட்டது வேறு முகத்தோடு திரும்புகிறது. சிறுபத்திரிகைக் கட்டுரைக்கு இதைவிட வாகான முடிவு கிடைக்குமா?

வீட்டில் அதைச் செய்து பார்க்கத் தொடங்கியபோதுதான் வம்பு வந்தது. செங்கல்பட்டில் எங்கள் வீட்டு அடுக்களையில், ஊறுகாய் ஜாடியில் காப்பித் தூளைக் கொட்டித் தண்ணீர் ஊற்றி மூடி வைத்திருந்தேன். காலையில் அம்மா திறந்து பார்த்தார்.

"இன்னாடா இது?"

சொன்னேன்.

"ராவெல்லாம் ஊற வெச்சி, ஆறிப் போனத காலைல குடிக்கிறதா? அதுக்கா உன்ன படிக்க வெச்சேன்?"

என் கட்டுரையின் வாதம் அந்த ஒரு கேள்வியில் உட்கார்ந்து போயிற்று. அது ஏன் உட்கார்ந்தது என்று யோசித்ததன் விளைவே இக்குறிப்புகள். நடுவில் காப்பி போடும் முறையும் வரும். அதையும் வரலாற்றின் ஒரு பகுதியாகவே வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2

காப்பி தமிழர்களின் அன்றாடப் பானமாக ஆனது 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளிலும்தான். அந்தப் பண்பாட்டு வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' (2000) நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். புதிதாக உருவாகிய நடுத்தர வர்க்கம், அதிலும் குறிப்பாகப் பிராமண நடுத்தர வர்க்கம், காப்பியைத் தன் அடையாளமாக ஆக்கிக் கொண்டது. தேசியவாதிகளும் காந்தியவாதிகளும் அதைக் கள்ளுக்கும் சாராயத்துக்கும் அடுத்த பீடையாகச் சாடினார்கள். பழையதும் நீராகாரமும் போய்க் காப்பி வந்துவிட்டதே என்பது அன்றைய புலம்பல்களில் திரும்பத் திரும்ப வருவது. அது இருக்கட்டும். பழையது போயிற்று என்று புலம்பியவர்களில் எத்தனை பேர் அடுத்தவர் வீட்டுப் பழையதைக் குடித்தவர்கள்?

இந்தப் புலம்பலில் கவனிக்கப்படாமல் போகும் ஒன்று உண்டு. காப்பியோடு சேர்ந்து வந்தது சூடு. விடிந்ததும் அடுப்பு மூட்டி, தண்ணீர் கொதிக்க வைத்து, பாலைக் காய்ச்சி, ஆவி பறக்க ஒரு டம்ளர். இதற்கு விறகு வேண்டும், பால் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காலை நேரம் வேண்டும். வெளுக்கும் முன்னே வயலில் நிற்க வேண்டிய உடலுக்கு அந்த நேரம் சொந்தமில்லை. முந்தின நாள் இரவே தயாராகிவிடும் பானம்தான் அதற்குக் கிடைக்கும். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடியும்போது நீராகாரம். அல்லது கேழ்வரகுக் கூழைக் கரைத்துக் குடிப்பது. ஆகவே சூடும் குளிர்ச்சியும் வெறும் சுவை வேறுபாடுகள் அல்ல. யாருடைய காலை யாருக்குச் சொந்தம் என்பதன் குறிகள் அவை.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'ஆறியது' ஒன்று, 'குளிர்ந்தது' இன்னொன்று. ஆறியது என்றால் ஒரு காலத்தில் சூடாக இருந்து, கவனிப்பாரில்லாமல் சூடிழந்தது. "ஆறிப்போச்சு" என்பதில் ஒரு குறை தொனிக்கிறது. குளிர்ந்தது என்றால் யாரோ செலவு செய்து குளிர வைத்தது. "ஜில்லுன்னு இருக்கு" என்று சொல்லும்போது முகம் மலர்கிறது. வெப்பமானியில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் சில டிகிரிதான் வித்தியாசம். சமூகத்தில் அந்தத் தூரம் மிகப் பெரிது. ஆறியதைக் குளிர்ந்ததாக மாற்றிக் காட்டும் வல்லமை யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி. சென்னைக் கடற்கரையில் 1842இல் ஐஸ் ஹவுஸ் கட்டியபோது, அமெரிக்காவின் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து அங்கே சேமித்தார்கள். வெள்ளைக்காரத் துரைகளின் குவளைக்காக உலகின் மறுகோடியிலிருந்து குளிர்ச்சி கப்பலேறி வந்தது. அதே கடற்கரையில் ஆறிய கஞ்சி குடித்தவனுக்கு அது சம்பந்தமில்லாத விஷயம்.

3

இனிச் செங்கல்பட்டுக்கு வருவோம்.

இந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். படியாட்களாகக் கட்டுண்டு கிடந்த மக்கள், மிராசுதாரின் நிலத்தில் நிற்கும் குடிசை, எந்நேரமும் துரத்தப்படலாம் என்ற நிலை ஆகியவற்றைப் பதிவு செய்த ஆவணம் அது. அதன் விளைவாக 1892இல் வந்த அரசாணையிலிருந்துதான், தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மட்டுமே உரிய, பிறருக்கு விற்கக் கூடாத பஞ்சமி நிலம் என்ற ஏற்பாடு பிறந்தது. அந்த நிலங்கள் பிறகு எப்படிக் கைமாறின என்பது இப்பத்திரிகையின் வாசகர்களுக்குப் புதிதல்ல. காரணைக் கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள்.

காப்பி பற்றிய கட்டுரையில் இது எங்கே வந்தது என்று கேட்கலாம். நிலமில்லாதவன் என்ன குடித்தான், எப்படிக் குடித்தான் என்பது நிலத்தின் வரலாறுதான். என் ஆயா திருக்கழுக்குன்றத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் பண்ணை வேலை செய்தவர். சின்னப் பிள்ளையாக அம்மாவும் கூடப் போவாராம். பத்து மணி வாக்கில் புழக்கடைக்கு வரச் சொல்வார்கள். பனையோலைப் பட்டையைக் குழித்து ஏந்த வேண்டும். மேலேயிருந்து, பட்டையில் பாத்திரம் படாமல், பழைய கஞ்சியை ஊற்றுவார்கள். அம்மாவின் வார்த்தையில்: "பசிக்கு அது அமிர்தம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அது அவங்க மிச்சம். மிச்சம்னு நமக்குத் தெரியும், அவங்களுக்கும் தெரியும்."

அம்மா சம்பாதிக்கத் தொடங்கிய முதல் மாதம் வாங்கியது ஓர் எவர்சில்வர் டம்ளரும் ஒரு பொட்டலம் காப்பித் தூளும். பாலுக்கு வழியில்லை. வெல்லம் போட்ட வரக்காப்பி. ஆனால் சூடாக, உதடு சுட. "ஆவி பறக்கக் குடிச்சாத்தான் அது நமக்குன்னு போட்டது" என்பார்.

இந்த ஒரு வாக்கியத்தில் என் வாதத்துக்கு எதிரான கோட்பாடு முழுதும் இருக்கிறது. சூடு என்பது அம்மாவுக்கு வெப்பநிலை அல்ல. இது இன்றைக்குப் போட்டது, எனக்காகப் போட்டது, எவர் வாயும் பட்டு மீந்ததல்ல என்பதற்கான சாட்சி. எச்சிலும் மிச்சமும் சாதியின் இலக்கணமாக இருக்கும் சமூகத்தில், ஆவி ஓர் அத்தாட்சிப் பத்திரம். காப்பி பிராமண அடையாளமாகத் தொடங்கியது உண்மை. ஆனால் ஒரு பொருளின் அர்த்தத்தை அதை முதலில் கைப்பற்றியவர்களே கடைசிவரை தீர்மானிப்பதில்லை.

அப்படி எளிதாக அது கைமாறவும் இல்லை. காப்பி கிளப்புகளின் வாசலில் 'பிராமணாள்' பலகை தொங்கியது. ரயில் நிலையச் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணர், இதரர் என்று தனித்தனி இடங்கள் இருந்து, சுயமரியாதை இயக்கமும் நீதிக்கட்சியும் நெருக்கிய பிறகே 1941இல் ஒழிந்தன. முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு 1929 பிப்ரவரியில் இதே செங்கல்பட்டில், சவுந்தரபாண்டியன் தலைமையில் கூடியது. சாதிப் பட்டம் துறத்தல், பெண்ணுக்குச் சொத்துரிமை போன்ற தீர்மானங்கள் இங்கேதான் நிறைவேறின. ஓட்டல் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கப் பெரியார் 1957இல் திருவல்லிக்கேணியில் மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை அதற்குப் பின்னும் எத்தனையோ ஊர்களில் நீடித்தது. ஒரு சூடான டம்ளரை மற்றவர் குடிக்கும் அதே டம்ளரில், அதே பெஞ்சில் உட்கார்ந்து குடிப்பதற்கு முக்கால் நூற்றாண்டுப் போராட்டம் தேவைப்பட்டிருக்கிறது. அதைக் கடந்து வந்த ஒரு பெண்ணிடம் போய், "அம்மா, ஆறியதில்தான் நம் வேர் இருக்கிறது" என்று சொல்ல நான் யார்?

4

சரி, காப்பியைத் தண்ணீரில் ஊற வைத்தோ வெறும் குளிர்நீரில் கலந்தோ குடிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? கடைக்காரர்கள் சொல்லும் மூலக்கதை நம் கடற்கரையை உரசிக்கொண்டு போகிறது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தை ஒட்டிச் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் அங்கே வணிகத்தலம் அமைத்துத் துணி வாங்கிக் கிழக்கே பத்தேவியாவுக்கு ஏற்றினார்கள். இடிந்த செங்கல் கோட்டையும் சித்திரம் செதுக்கிய டச்சுக் கல்லறைகளும் இன்றும் இருக்கின்றன. மலபார்க் கரையிலிருந்து காப்பிச் செடியை 1696இலும், அது வெள்ளத்தில் அழிந்ததால் மீண்டும் 1699இலும் ஜாவாவுக்குக் கொண்டுபோனவர்களும் இதே டச்சுக் கம்பெனிக்காரர்களே. கப்பலில் நெருப்பு மூட்ட முடியாததால் மாலுமிகள் பச்சைத் தண்ணீரில் காப்பி ஊற வைத்துக் குடித்தார்கள், ஜப்பானியர் அதைக் கற்றுக் கொண்டார்கள் என்பது கதை. ஜப்பானில் சொட்டுச் சொட்டாக வடியும் குளிர்காப்பிக்கு 'டச்சுக் காப்பி' என்று பெயர் உண்டு என்பது மெய். மாலுமிக் கதைக்கு மட்டும், சொல்பவர்கள் எவரும் ஆவணம் காட்டுவதில்லை. ஆனாலும் இக்கதை விற்கிறது. மூலமில்லாத சரக்குக்கு விலை கிடைக்காது என்பது சந்தைக்குத் தெரியும்.

ஆவணம் உள்ள இடங்களுக்குப் போனால் படம் தெளிவாகிறது. பிரெஞ்சுக்காரர்கள் அல்ஜீரியாவைப் பிடித்துக் கொண்டிருந்த காலத்தில், 1840இல் மஸக்ரான் என்ற இடத்தில் முற்றுகைக்கு உள்ளான சிப்பாய்கள் காப்பிச் சாற்றில் குளிர்ந்த நீர் கலந்து குடித்தார்கள் என்று சொல்லி, குளிர்காப்பிக்கே மஸக்ரான் என்று பெயர் வைத்தார்கள். 1876இல் கிளாஸ்கோவில் பேட்டர்சன் கம்பெனி 'கேம்ப் காப்பி' என்ற புட்டிச் சாறு ஒன்றை இறக்கியது. சர்க்கரையும், காப்பியைவிட அதிகமாகச் சிக்கரியும் சேர்ந்த கெட்டித் திரவம். இந்தியாவில் பாளையமிறங்கும் பட்டாளத்தானுக்கு வசதியாக என்பது விளம்பரம். புட்டியின் சீட்டைப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்துச் சிப்பாய் கூடாரத்தின் முன் உட்கார்ந்திருக்கிறான். சீக்கியப் பணியாள் தட்டு ஏந்தி நிற்கிறான். பிற்காலத்தில் தட்டை மட்டும் அழித்தார்கள். அவன் கையில் ஒன்றுமில்லாமல் நின்றுகொண்டே இருந்தான். இன்னும் பிற்பாடு வந்த சீட்டில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கிறார்கள். காலனியத்தின் வரலாற்றை ஒரு புட்டிச் சீட்டில் திருத்தி எழுதுவது இவ்வளவு எளிது. ரோலான் பார்த் ஒயினைப் பற்றி எழுதியபோது, அந்தக் கோப்பையின் இன்பத்துக்குள் அல்ஜீரிய விவசாயியிடமிருந்து பறித்த நிலம் இருக்கிறது என்பதை நினைவூட்டினார். காப்பிக்கும் அது பொருந்தும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கை மலைகளில் காப்பி வளர்த்தவர்கள் தென்தமிழகத்திலிருந்து காட்டு வழியே நடந்துபோன கூலிகள். 1869இல் வந்த இலைத்துரு நோய் அந்தக் காப்பியைத் தின்று தீர்த்தது. தோட்டம் தேயிலைக்கு மாறியது, கூலி மாறவில்லை.

இன்று வீடுகளில் நடக்கும் முறைக்கு வழிவிட்டது அமெரிக்காவில் டாட் சிம்ப்சன் என்ற ரசாயனப் பொறியாளர் 1964இல் கொண்டுவந்த கருவி. தன் பெயரை ஒட்டி அதற்கு 'டாடி' என்று பெயரிட்டார். ஆங்கிலத்தில் கள்ளுக்கும் அதே சொல். நம் கடற்கரைப் பனையில் இரவில் சுண்ணாம்பு தடவிய கலயம் கட்டினால் காலையில் பதநீர், தடவாவிட்டால் கள். முன்னதற்குத் தடையில்லை, பின்னதற்கு 1987 முதல் தமிழ்நாட்டில் தடை. இரவெல்லாம் ஊறி நிறையும் பானங்களில் எது கௌரவமானது, எது குற்றம் என்பதை எப்போதும் ஊறலுக்கு வெளியே இருப்பவர்களே தீர்மானிக்கிறார்கள்.

ஆக, குளிர்காப்பிக்குச் சொல்லப்படும் மரபு கப்பலும் பாளையமும் ஆய்வுக்கூடமும். நீராகாரத்தின் மரபு வயல். இரண்டையும் ஒன்றென்று காட்ட நான் போட்ட சமன்பாட்டுக்கு வரலாற்றில் இடமில்லை.

5

அடுக்களையிலும் அதற்கு இடமில்லை. எப்படி என்று சொல்கிறேன். செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கும் உதவும்.

முதலில் தூள். நாம் பில்டருக்கு வாங்கும் தூள் இதற்கு ஆகாது. அது மிக நைசு. பல மணி நேரம் ஊறினால் கசந்து, சேறாகி, வடிகட்ட முடியாமல் அழிச்சாட்டியம் செய்யும். சிக்கரியும் கூடாது. காப்பி சிக்கரிக் கலவை என்று விற்பதில் 49 சதவீதம்வரை சிக்கரி இருக்கச் சட்டம் இடம் தருகிறது. தண்ணீரில் அது வேகமாகக் கரைந்து நிறத்தைக் கறுப்பாக்கும், காப்பியின் வாசனையை அமுக்கும். அரைக்கும் கடையில் "சிக்கரி இல்லாம, கொரகொரன்னு, ரவையவிடப் பெரிசா" என்று கேட்க வேண்டும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். வறுத்த கொட்டையாக வாங்கினால் மிக்சியில் இரண்டிரண்டு விநாடியாக விட்டு விட்டு ஓட்டி, மாவுச் சல்லடையில் சலித்துத் தூசியைக் கழித்துவிடலாம்.

அளவு: 100 கிராம் தூளுக்கு 800 மில்லி தண்ணீர். தூள் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு நீரைப் பிடித்துக் கொள்ளும் என்பதால் கையில் கிடைப்பது 600 மில்லி அளவு. கெட்டியாக வேண்டுமானால் தண்ணீரை 500 மில்லியாகக் குறைத்து, குடிக்கும்போது சம அளவு நீரோ பாலோ சேர்க்கலாம். கண்ணாடி ஜாடியில் தூளைப் போட்டு, முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி எல்லாத் தூளும் நனையக் கிளறி, பிறகு மீதியை ஊற்றி மூடி வைக்க வேண்டும். வடிக்கும்போது முதலில் சல்லடை, பிறகு நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துணி. துணியில் தங்கிய சக்கையைப் பிழியக் கூடாது, பிழிந்தால் கசப்பும் வண்டலும் இறங்கிவிடும். சொட்டும்வரை தொங்கவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் ஊற வேண்டும்? இங்கேதான் அரசியல். மேற்கத்தியச் செய்முறைகள் எல்லாம் 'அறை வெப்பநிலையில் 12 முதல் 18 மணி நேரம்' என்கின்றன. யாருடைய அறை? அவர்கள் மனதில் இருப்பது 20 டிகிரியை ஒட்டிய அறை. செங்கல்பட்டின் கோடை இரவில் 28, 30 டிகிரி சர்வசாதாரணம். அந்தச் சூட்டில் காப்பி சீக்கிரம் இறங்கும், கசப்பும் கூடவே இறங்கும். கிருமியும் வளரும். 2018இல் பிலடெல்பியாவில் நடந்த ஓர் ஆய்வில், ஊறல் காப்பியும் கொதிநீர்க் காப்பியும் பி.எச். அளவில் ஏறக்குறைய ஒன்றாகவே, 5ஐ ஒட்டி இருந்தன. சூட்டில் போட்டதில் கரைந்திருந்த அமிலங்களின் மொத்தம் மட்டும் அதிகம். இந்த மெல்லிய புளிப்பு கிருமியைத் தடுக்கப் போதாது. கொதிக்க வைக்கும் கட்டமும் இதில் இல்லை. எனவே நம் ஊரில் பிரிட்ஜுக்குள் 16 முதல் 18 மணி நேரம் என்பதே சரி. வடித்ததையும் பிரிட்ஜில் வைத்து நாலைந்து நாளுக்குள் முடித்துவிட வேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானைத் தண்ணீரில் ஜாடியை இறக்கி, ஈரத்துணி சுற்றி, 8 மணி நேரத்தில் வடித்து அன்றே குடித்துவிடலாம். அதுவும் செங்கல்பட்டில் பலிக்கும் அளவுக்கு மாமல்லபுரத்தில் பலிக்காது. கடற்காற்றின் ஈரத்தில் பானை வியர்ப்பது குறைவு, குளிர்வதும் குறைவு.

இப்போது நீராகாரத்தைப் பாருங்கள். அதே இரவு, அதே சூடு, அதே 'ஊறல்' என்ற சொல். ஆனால் அங்கே நடப்பது நொதித்தல். சோற்றில் பெருகும் நுண்ணுயிர் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி நீரைப் புளிக்க வைக்கிறது. அந்தப் புளிப்பே கெடுக்கும் கிருமிகளை அண்டவிடாமல் காக்கிறது. காப்பியைக் கெடுக்கும் இந்தச் சூடுதான் நீராகாரத்தை ஆக்குகிறது. லெவி-ஸ்ட்ராஸ் போட்ட பச்சை, சமைத்தது, அழுகியது என்ற முக்கோணத்தில் இரண்டும் வெவ்வேறு மூலைகளை நோக்கி நகர்கின்றன. நீராகாரம் இந்தத் தட்பவெப்பத்துக்குள் பிறந்த அறிவு, மின்சாரம் கேட்காது. ஊறல் காப்பிக்கு இந்த ஊரில் ஒரு மின்பெட்டி வேண்டும். மேல்தோற்றத்தின் ஒற்றுமையை வைத்து ஒன்றை மற்றதன் மறுபிறவி என்று நான் எழுதியிருந்தால், நீராகாரத்துக்குள் இருந்த அறிவைத்தான் அழித்திருப்பேன்.

6

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அந்த 280 ரூபாய்க் கோப்பையில் 98 சதவீதம் தண்ணீர்தான். காப்பி நன்றாக இறங்க அதில் கொஞ்சம் கால்சியமும் மெக்னீசியமும் வேண்டும். எல்லா உப்பையும் உரித்தெடுத்த கேன் தண்ணீரில் போட்டால் சப்பென்று இருக்கும், கடலோரக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் போட்டால் வாயில் வைக்க முடியாது. பாலாற்றுத் தண்ணீர் வரும் நாளில் அதைக் காய்ச்சி ஆற வைத்துப் போட்டபோதுதான் எனக்கு நன்றாக வந்தது. மாமல்லபுரம் போகும் வழியில் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் தொடங்கியது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024இல் அதன் பக்கத்தில் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. இரண்டும் சென்னை மாநகரின் தாகத்துக்காக. கடல் நம் வாசலில், குழாய் வேறு திசையில். நல்ல காப்பிக்கு நல்ல தண்ணீர் என்று எந்தச் செய்முறையும் முதல் வரியில் சொல்லும். நல்ல தண்ணீர் யாருக்கு என்று எந்தச் செய்முறையும் கேட்காது.

பழைய சோற்றுக்கும் இப்போது மவுசு வந்திருக்கிறது. நட்சத்திர ஓட்டல்களில் மண்சட்டியில் வைத்து, சின்ன வெங்காயம் அலங்கரித்துத் தருகிறார்கள். குடலுக்கு நல்லது என்று மருத்துவர்கள் பேசுகிறார்கள். நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கொண்டாடும் எழுத்துகளில் புழக்கடையும் இல்லை, பனையோலைப் பட்டையும் இல்லை, மேலேயிருந்து ஊற்றிய கையும் இல்லை. கேம்ப் காப்பிப் புட்டியில் தட்டை அழித்ததைப்போல அதையெல்லாம் அழித்துவிட்டார்கள். நான் எழுத நினைத்த 'மீள்வருகை'யும் அந்த அழிப்பில் சேர்ந்திருக்கும். பழையதைப் போற்றுவது வேறு, பழையதைக் குடிக்க வைக்கப்பட்டவர்களின் பக்கம் நிற்பது வேறு. இரண்டும் ஒன்றென்று நம் இடதுசாரி, தலித்திய, சூழலியல் எழுத்துகளிலும் அவ்வப்போது குழப்பிக் கொள்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அம்மாவுக்கு அந்த ஊறலைக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, முகத்தைச் சுளிக்கவில்லை, ஆனால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "வாசன நல்லாத்தான் கீது" என்றார். எழுந்து போய்ப் பாலை அடுப்பில் வைத்தார். பொங்கி வந்த பாலை இறக்கி, என் ஜாடியிலிருந்து கெட்டியான ஊறலைக் கொஞ்சம் ஊற்றி, சர்க்கரை போட்டு, இரண்டு ஆற்று ஆற்றினார். நுரை கட்டியது. ஆவி பறந்தது.

உட்கார்ந்து நிதானமாகக் குடித்தார். "டிகாஷன்னு சொல்லேன். அத வுட்டுட்டு என்னென்னமோ பேரு சொல்லிக்கினு."

எனக்கும் ஒரு டம்ளர் ஆற்றிக் கொடுத்தார். கசப்பில்லாத, வாசனை தூக்கலான பால் காப்பி. பில்டரில் இறக்கிய டிகாஷனில் அது கிடைக்காது. எந்தக் கடையின் கரும்பலகையிலும் அதை நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஜாடி இரவில் பிரிட்ஜுக்குள் போகிறது, காலையில் நான் ஐஸ் போட்டுக் குடிக்கிறேன், அம்மா கொதிக்கும் பாலில் ஊற்றிக் குடிக்கிறார். பழைய தலைப்பை அடித்துவிட்டேன்.